கெட்டிப் பூச்சு

மகளை இன்னும் சில வாரங்களில் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போகலாம் என்று டாக்டர் சொன்ன அன்றே, அவள் அறைச் சுவரைப் பூசிவிடுவது என்று பைண்டர் முடிவெடுத்துவிட்டார்.

அவருக்கு அச்சகத்தில் புத்தகம் கட்டும் வேலை. வேலையே பெயராக ஒட்டிக்கொண்டு, தெருவுக்கும் சொந்தக்காரர்களுக்கும் அவர் பைண்டர்தான். மனைவி தையல் ஆலையில் சட்டைக்குப் பொத்தான் வைக்கும் பிரிவில் இருந்தாள். ஒரே பெண். கல்யாண வயதைத் தாண்டிக்கொண்டிருந்தவள் என்றாலும் வீட்டில் அவள் இன்னும் பாப்பாதான்.

பாப்பா ஒரு மருந்துக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள். போன மழைக்காலத்தில் ஒருநாள், "அம்மா, இந்தச் சுவருக்குள்ள யாரோ மூச்சு விடறாங்கம்மா" என்றாள். பல்லி என்றார்கள், பக்கத்து வீட்டு மோட்டார் என்றார்கள். கொஞ்ச நாளில் அவள் வேலைக்குப் போவதை நிறுத்தினாள். பிறகு சாப்பாட்டு ஸ்பூனால் சுவரைச் சுரண்ட ஆரம்பித்தாள். ஸ்பூனைப் பிடுங்கியதும் நகத்தால். உள்ளே இருப்பவருக்கு மூச்சு முட்டுகிறதாம், வழி விட வேண்டுமாம். பழைய காலத்துச் சுண்ணாம்புப் பூச்சு அது. தொட்டாலே பொலபொலவென்று கொட்டும். கட்டிலை ஒட்டிய சுவர் முழுக்க, தரையிலிருந்து அவள் கை எட்டும் உயரம்வரை, செங்கல் பல்லை இளித்துக்கொண்டு நின்றது. அதற்கப்புறம்தான் ஆஸ்பத்திரி.

"வீட்ல சூழ்நிலை அமைதியா இருக்கட்டும். பழசை ஞாபகப்படுத்தற மாதிரி எதுவும் கண்ணுல படாம பாத்துக்குங்க" என்றுதான் டாக்டர் சொன்னார். மாத்திரை, தூக்கம், கோபப்படாமல் பேசுவது என்று இன்னும் எத்தனையோ சொன்னார். பைண்டர் காதில் சுவர் மட்டும்தான் விழுந்தது. சுவர் என்றால் அவரால் ஏதாவது செய்ய முடியும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கட்டியதில் கையிருப்பு வழித்துத் துடைத்தாயிற்று. மிச்சம் இருந்தது வங்கியில் பாப்பா பேரில் போட்டு வைத்த பணம் மட்டும்.

"அதுல கை வைக்காதீங்க. அது அவ கல்யாணத்துக்கு."

"எந்தக் கல்யாணத்துக்கு?" என்றார் பைண்டர்.

சொன்ன பிறகுதான் அவர் காதிலேயே அது விழுந்தது. மனைவி எழுந்து அடுக்களைக்குப் போனாள். அங்கே பாத்திரம் உருளும் சத்தம்கூடக் கேட்கவில்லை. வெகுநேரம் கழித்து வந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டே, "நாளைக்கு பேங்குக்கு நானும் வர்றேன்" என்றாள்.

முதலில் வந்தவர் கான்ட்ராக்டர். பைக்கை விட்டு இறங்காமலே வாசலைப் பார்த்துவிட்டு, ஒரு அறை வேலையெல்லாம் எடுப்பதில்லை, மொத்த வீட்டையும் பூசுவதாக இருந்தால் கூப்பிடுங்கள் என்று ஒரு தொகை சொன்னார். அந்தத் தொகைக்கு வீட்டையே விற்க வேண்டியிருக்கும். அடுத்து வந்தவர் நியாயமான விலைதான் சொன்னார். சுவர் கிட்டே போய்ப் பார்த்ததும் ஃபோன் வந்ததுபோல் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். போனவர் போனவர்தான்.

மூன்றாவதாக வந்த கொத்தனார் வாயாடி. உள்ளே வரும்போதே, "செருப்பைக் கழட்டணுமா சார், எப்படியும் நாளைக்கு உங்க வீடே புழுதிக்காடாத்தான் ஆகப்போகுது" என்றுகொண்டே வந்தார். சுவரைத் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். தட்டிய இடமெல்லாம் பொக்கென்றது.

"இது என்ன சார், இப்படிப் பேந்து கெடக்கு?"

"எலிங்க" என்றார் பைண்டர்.

கொத்தனார் செங்கல் ஓரத்துப் பூச்சில் இருந்த கீறல்கள்மேல் தன் விரல்களை வைத்துப் பார்த்தார். நான்கு விரல், நான்கு கோடு.

"எலி நல்ல வளத்தி போல. மோதிரம் போட்டிருந்துச்சா சார்?"

பைண்டருக்குச் சிரிக்கவும் வரவில்லை, கோபப்படவும் வரவில்லை. வாசற்படியில் நின்றிருந்த அவர் மனைவிதான் சொன்னாள்.

"எலி இல்லப்பா. என் பொண்ணு. உடம்பு சரியில்ல. ஆஸ்பத்திரில இருக்கா."

கொத்தனார் நாக்கைக் கடித்துக்கொண்டார். "மன்னிச்சுக்கங்கக்கா. என் வாய் அப்படி." அதற்கப்புறம் ஒரு வார்த்தை பேசாமல் நீளம் அகலம் அளந்தார். யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பினார். இவரும் அவ்வளவுதான் என்று இருவரும் நினைத்தார்கள். ஆனால் இரண்டு நாள் கழித்து வந்து நின்றார்.

"பாவம் பாத்து வந்தேன்னு நெனைக்காதீங்க சார். ஒத்துக்கிட்ட வேற வேலை கைவிட்டுப் போச்சு. அதான்."

பேரம் படிந்தது. கலவையில்தான் தகராறு. உள்சுவருக்கு ஒரு பங்கு சிமெண்டுக்கு ஐந்து பங்கு மணல் போதும் என்றார் கொத்தனார். பைண்டர் மூன்றுக்கு மேல் மணல் கூடாது என்றார்.

"செலவு கூடும் சார். ரொம்பக் கெட்டியாப் போட்டா வெடிப்பும் விடும்."

"கம்பி வலை அடிச்சுப் போடு. ஸ்பூன் வெச்சுக் கீறினாக்கூட ஒரு கோடு விழக்கூடாது."

"வீட்டுக்குப் பூசறோமா, ஜெயிலுக்கா?"

"நீ போடுப்பா" என்றார் பைண்டர்.

கம்பி வலைக்குப் போன பணத்தை எங்கே பிடிப்பது என்று பார்த்து, சித்தாள் கூலியை வெட்டினார்கள். பைண்டரே அச்சகத்துக்கு லீவு போட்டுவிட்டுக் கலவை குழைத்தார். காகிதமும் பசையுமாகப் பழகிய கை. முதல் நாளே சிமெண்ட் அரித்து விரலிடுக்கெல்லாம் வெந்துபோயிற்று. மனைவி தேங்காயெண்ணெய் தடவிவிட்டாள். "பாப்பா வர்றதுக்குள்ள முடிச்சிடலாம்" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த வீட்டில் வெகுநாளைக்குப் பிறகு ஒரு காரியம் முன்னால் நகர்ந்துகொண்டிருந்தது.

நடுவில் ஒருநாள் கொத்தனார் வரவில்லை. மறுநாள் வந்து மாமியார் செத்துப்போனதாகச் சொன்னார்.

"பக்கத்துத் தெருல வேலை செய்யும்போதும் மாமியார் செத்துட்டாங்கன்னு சொன்னியாமே?" என்றாள் பைண்டர் மனைவி.

"அது வேற மாமியார்க்கா."

அவள் சிரித்துவிட்டாள். தன் சிரிப்புச் சத்தம் தனக்கே அந்நியமாகப்பட்டு, வாயைப் பொத்திக்கொண்டாள்.

பூச்சு முடிந்து, மட்டப்பலகையால் தேய்த்துத் தேய்த்து, சுவர் கண்ணாடி மாதிரி நின்றது. கிளம்பும்போது கொத்தனார் சொன்னார்: "ஒரு வாரமாவது காலைல சாயங்காலம் நனைக்கணும். மீதிப் பணத்துக்கு எனக்குத் தண்ணி காட்டினாலும் காட்டுங்க, சுவருக்குத் தண்ணி விடாம இருந்துடாதீங்க."

மறுநாளே ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன். படுக்கை தட்டுப்பாடு, அழைத்துக்கொண்டு போய்விடுங்கள் என்றார்கள். சுவர் காயட்டும், வர்ணம் அடிக்கட்டும் என்றெல்லாம் அவர்களிடம் சொல்ல முடியுமா?

பாப்பா மாத்திரையில் ஊதிப்போயிருந்தாள். நடை குழந்தை நடைபோல் இருந்தது. அறைக்குள் வந்ததும் நேராகச் சுவரிடம் போனாள். அப்பாவும் அம்மாவும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். ஈரம் ஊறிக் கருத்திருந்த சுவர்மேல் அவள் உள்ளங்கையை வைத்தாள். பிறகு கன்னத்தை வைத்தாள்.

"ஜில்லுன்னு இருக்கும்மா."

"தண்ணி ஊத்தணும்டா அதுக்கு. நீ ஊத்தறியா?" என்றாள் அம்மா, வேறு என்ன சொல்வதென்று தெரியாமல்.

அந்த வாரம் பாப்பாதான் தண்ணீர் ஊற்றினாள். வாளியும் குவளையுமாக, மேலிருந்து கீழாக, ஒரு இடம் விடாமல். ஊற்றி முடித்ததும் நன்றாகப் பசிக்கிறது என்று சாப்பிட்டாள். அம்மாவோடு உட்கார்ந்து துணி மடித்தாள். கடையில் கூட வேலை செய்த பெண்ணைப் பற்றி ஒருநாள் தானாகவே கேட்டாள். "அவளுக்குக் குழந்தை பொறந்துச்சாம்மா?" அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. ஆலைக்குச் சம்பளமில்லாத லீவு சொல்லி அவள் வீட்டிலேயே இருந்தாள். பைண்டர் அச்சகத்திலிருந்து வந்ததும் வராததுமாக, "இன்னிக்கு எப்படி?" என்பார். "நல்லா இருந்தா" என்பாள் அவள். இதற்கு மேல் இருவரும் எதுவும் பேச மாட்டார்கள். பேசினால் கெட்டுவிடும் என்று இருவருக்குமே பயம்.

"இப்ப சத்தம் ஏதாவது கேக்குதா பாப்பா?" என்று ஒருநாள் அம்மா கேட்டாள்.

"இல்லம்மா. தண்ணி குடிச்சிட்டுத் தூங்குது."

அம்மா முதல் வார்த்தையை மட்டும் எடுத்துக்கொண்டாள். மீதியை அவள் கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

வாரம் முடிந்தது. சுவர் வெளுத்துக் காய்ந்தது. பைண்டர் இளநீல வர்ணம் வாங்கிவந்து தானே இரண்டு பூச்சு அடித்தார். பாப்பா குவளையைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணி எப்பப்பா ஊத்தணும்?"

"இனிமே வேண்டாம்டா. சுவர் கெட்டியாயிடுச்சு."

"தாகம் எடுத்தா?"

"சுவருக்கு ஏதுடா தாகம்" என்று சிரித்தபடி அவள் கையிலிருந்து குவளையை வாங்கி வைத்தார்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம், அம்மா மாத்திரை வாங்கத் தெருமுனைக் கடைவரை போனாள். பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். கடையில் கூட்டம். திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதே சத்தம் கேட்டது. பழைய சத்தம் இல்லை. அப்போதெல்லாம் மணல் சரிகிறமாதிரி இருக்கும். இது வறட்டுக் கிறீச்சல். பல்லைக் கூசவைக்கும் சத்தம்.

பாப்பா சுவரோரம் குந்தியிருந்தாள். நீல வர்ணத்தில் மெல்லிய கோடுகள் விழுந்திருந்தன. அதன் அடியில் சிமெண்டில் ஒரு கீறல் இல்லை. கோடுகள்மேல் சிவப்பாகத் தீற்றியிருந்தது. வலது கையில் இரண்டு விரலில் நகமே இல்லை. வலி என்பதே தெரியாதவள்போல அவள் சுரண்டிக்கொண்டிருந்தாள். அம்மா பின்னாலிருந்து கட்டிப்பிடித்து இழுத்தபோது திரும்பிப் பார்த்து, முறையிடுகிற குரலில் சொன்னாள்:

"வழி விட மாட்டேங்குதும்மா. முன்னாடியெல்லாம் விட்டுச்சு."

பக்கத்து வீட்டுக்காரர்களும் அம்மாவுமாக ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டுப் போட்டுக் கூட்டிவந்தார்கள். சாயங்காலம் பைண்டர் வந்தார். மகள் ஊசி போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் குனிந்து சுவரைத் தடவிப் பார்த்தார். வெடிப்பு இல்லை, பொக்கு இல்லை. கொத்தனார் வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பைண்டர் கேட்டது எதுவோ அதைத்தான் கொடுத்திருந்தார். ஈரத் துணி கொண்டுவந்து சிவப்பைத் துடைக்கப் பார்த்தார். வர்ணத்தோடு சேர்ந்து பரவியதே தவிர, போகவில்லை.

மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். விழித்திருக்கும் கொஞ்ச நேரத்திலும் பாப்பா சுவரிடம்தான் போனாள். கட்டுப் போட்ட கையால் தேய்ப்பாள். கட்டு ஊறிவிடும். இடது கைக்கு மாறினாள், அதற்கும் கட்டு விழுந்தது. கட்டிலை வேறு அறைக்கு மாற்றினால் தரையில் தவழ்ந்தாவது இங்கே வந்துவிடுவாள். துணியில் கையுறை தைத்துப் போட்டார்கள், பல்லால் கடித்து எறிந்தாள். ஒருநாள் வேறு வழியில்லாமல் அம்மா தன் புடவைத் தலைப்பால் மகளின் இரண்டு கையையும் சேர்த்துக் கட்டினாள். கட்டிவிட்டு அவளே அவிழ்த்தாள்.

பாப்பாவின் மாமா ஃபோனில், "அக்கா, இப்படி எத்தனை நாளைக்கு? இதுக்குன்னு இல்லம் இருக்கு. கொண்டுபோய் விட்டுட்டு மாசாமாசம் போய்ப் பாத்துட்டு வாங்க. நீங்களும் மனுஷங்கதானே" என்றார். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. மகளைப் பார்த்துக்கொள்ள அவரையே வரச்சொல்லிவிட்டு, இருவரும் அந்த இல்லத்தைப் பார்க்கப் போனார்கள்.

சுத்தமான இடம்தான். வரிசையாகக் கட்டில்கள். தோள் உயரத்துக்கு வெள்ளை டைல்ஸ் ஒட்டிய சுவர். பெண்கள் மடியில் கையை வைத்துக்கொண்டு எதையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தியின் மணிக்கட்டைக் கட்டில் கம்பியோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். "அவங்க நல்லதுக்குத்தான்" என்றாள் அழைத்துப்போன நர்ஸ்.

திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் அவள் கேட்டாள்.

"டைல்ஸ் ஒட்டியிருக்காங்க, பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"அதுல அவ கை என்ன ஆகும்?"

பஸ் வந்து, போயிற்று. இருவருமே ஏறவில்லை.

"அந்தக் கொத்தனாரைக் கூப்பிடுங்க" என்றாள் அவள்.

கொத்தனார் வந்ததும், "வெடிப்பு விட்டுருச்சா? நான்தான் அப்பவே சொன்னேனே" என்று ஆரம்பித்தார்.

"இல்ல. நல்லா இருக்கு" என்றார் பைண்டர். "அதை உடைக்கணும்."

சொல்லச் சொல்ல கொத்தனார் கேட்டுக்கொண்டிருந்தார். கதவிடுக்கு வழியே பாப்பா மடியில் கிடந்த இரண்டு வெள்ளைக் கட்டுகளையும் பார்த்தார். அன்று அவர் வாயிலிருந்து ஒரு கிண்டலும் வரவில்லை.

"சிமெண்டே வேண்டாம்ங்கறீங்க."

"வேண்டாம். நகம் பட்டா உதிரணும்."

"அப்ப களிமண்ணும் சலிச்ச மணலும்தான். சுண்ணாம்பும் சேக்கக்கூடாது, புண்ல பட்டா எரியும். ஆனா அது நிக்காது சார். ஒரு மாசம் தாங்கினாப் பெரிசு."

"தாங்க வேண்டாம்."

கொத்தனார் தலையைச் சொறிந்தார். "உதிர்ற மாதிரி பூசுன்னு காசு குடுத்துச் சொன்ன ஆளை நான் பாத்ததே இல்ல."

ஒரு கதவு அகலத்துக்கு, அவள் குந்தும் இடத்தில் மட்டும் உடைத்தார்கள். அதற்கே ஒரு முழுநாள் ஆயிற்று. உளி வழுக்கியது, கம்பி வலை கையைக் கிழித்தது. கொத்தனார் தான் போட்ட பூச்சைத் தானே திட்டித் தீர்த்தார். மண்ணைச் சலித்தது பாப்பாவின் அம்மா. மாவு சலிக்கும் சல்லடையை எடுத்துவந்து, ஒரு பரல் இல்லாமல் சலித்தாள்.

கூலியைக் கொடுக்கும்போது பைண்டர் தயங்கினார். கொத்தனார் கையை நீட்டிவிட்டார்.

"குடுங்க சார். சும்மா செய்யறேன்னு பெருந்தன்மையாச் சொன்னா அடுத்த மாசம் வரமாட்டேன். என் லட்சணம் எனக்குத் தெரியும்."

கை ஆறியது. ஆறியதும் பாப்பா ஆரம்பித்தாள். மண் சத்தமில்லாமல் உதிர்ந்தது. அம்மா முறத்தால் வாரிக்கொட்டினாள். "இப்ப மூச்சு விடுது" என்று பாப்பா சொன்னால், "சரிடா" என்றாள். டாக்டரிடம் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேசினார். "நீங்க நோய்க்குத் தீனி போடறீங்க. இப்படிப் பண்ணினா குணமாகாது." பண்ணாவிட்டால் குணமாகுமா என்று பைண்டர் கேட்டார். சண்டைக்கு இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். டாக்டர் மாத்திரைச் சீட்டை எழுதிக்கொடுத்தார்.

மாதம் திரும்புவதற்குள் செங்கல் தெரிந்தது. கொத்தனார் வந்தார், பூசினார், போனார். அடுத்த மாதமும் வந்தார். முதல் தேதி சம்பளம் வந்ததும் அரிசி, கரண்ட், மாத்திரை, சுவர் என்று பணத்தைப் பிரித்து வைக்க அவர்கள் பழகிவிட்டார்கள். அம்மா ஆலையை விட்டுவிட்டாள். குறைந்துபோன வருமானத்துக்கு வங்கியிலிருந்த பணம் முட்டுக்கொடுத்தது. அது இன்னும் எத்தனை நாளைக்கு வரும் என்பதை இருவரும் தனித்தனியாக மனத்துக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. தங்களுக்குப் பிறகு யார் என்ற கணக்கை மட்டும் இருவருமே போடவில்லை.

அதற்கடுத்த முறை கொத்தனாருக்கு வெளியூரில் வேலை. பைண்டரே மண்ணைக் குழைத்துப் பூச உட்கார்ந்தார். கைக்கு வராத வேலை. மேடும் பள்ளமுமாக அப்பினார். பாப்பா கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் முகம் தெளிவாக இருந்தது. பழைய பாப்பா மாதிரி இருந்தது.

"அப்பா."

"என்னடா?"

"நான் தெறக்கத் தெறக்க நீங்க ஏன்ப்பா மூடறீங்க?"

அதில் கோபம் இல்லை. கடையில் கூட்டல் தப்பினால் எப்படிக் கேட்பாளோ அப்படித்தான் கேட்டாள். பைண்டர் கலவைச் சட்டிக்குள் பார்த்தார். அடுக்களையில் அவர் மனைவி குழாயை மூடிவிட்டு என்ன சொல்லப்போகிறார் என்று கேட்டுக்கொண்டு நிற்பது தெரிந்தது. அவர் இன்னொரு கை மண்ணை அள்ளி அப்பி, உள்ளங்கையால் தேய்த்துவிட்டார்.

"காயட்டும்டா" என்றார். "ரெண்டு நாள் பொறு."

பாப்பா தலையாட்டினாள். கட்டிலிலிருந்து இறங்கி, சுவருக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, காயக் காத்திருந்தாள்.